ஜெயில் வாசல்ல போதைப்பொருள் கண்டுபிடிக்கிற மெஷின்: ஆபீசர்களுக்கு எப்படிப் பழக்கிவிடறது

மொதல் நாள் காலைல மெஷினைப் பெட்டிய விட்டு வெளிய எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா எல்லார் கண்ணும் ஸ்க்ரீன் மேல போயிடும், பச்சை வந்தா விடு, சிவப்பு வந்தா பிடி, அவ்வளவுதானேன்னு பாதி பேர் அப்பவே முடிவு பண்ணிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் உள்ள எறங்காது. நான் மொரீஷியஸ்ல பல வருஷமா இந்த மெஷின்களை மாட்டிக் கொடுத்து ஆளுங்களுக்குப் பழக்கிவிடற வேலைல இருக்கேன். கூரியர் ஆபீஸ், துறைமுகம், அப்புறம் ஜெயில். இதுல ஜெயில்தான் கஷ்டம், ஏன்னா துறைமுகத்துல பெட்டிய சோதிக்கறோம், ஜெயில் வாசல்ல மனுஷங்களை சோதிக்கறோம், அதுவும் பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட அம்மா, பொண்டாட்டி, இடுப்புல குழந்தை. இங்க கிளாஸ் கிரியோல்ல நடக்கும், மேனுவல் இங்கிலீஷ்லயும் ப்ரெஞ்ச்லயும் இருக்கும். வீட்ல தமிழ் பேசற ஆபீசருங்க சில பேர் தமிழ்ல எழுதிக் கொடுங்கண்ணேன்னு கேட்டாங்க, அதான் எழுதறேன். இது முக்கியமா பயிற்சி கொடுக்கப் போறவங்களுக்கு, கத்துக்க வர்றவங்களும் படிக்கலாம்.

இந்தத் தீவுல நிலைமை என்னன்னு உங்களுக்கே தெரியும். ப்ரௌன்னு சொல்ற ஹெராயின், கஞ்சா, சுபுடெக்ஸ் மாத்திரை இதெல்லாம் பழைய கதை, இப்ப பத்து வருஷத்துக்கு மேல சிந்தெடிக், அதாவது ரசாயனத்துல செய்யற போதைப்பொருள், வந்து உக்காந்திருக்கு. 2018ல வெளிவந்த, போதைப்பொருளைப் பத்தி விசாரிச்ச லாம் ஷாங் லீன் கமிஷன் அறிக்கைலயே ஜெயிலுக்குள்ள சரக்கு போறதைப் பத்தி பேசியிருக்காங்க. உள்ள ஒருத்தன் சிந்தெடிக் அடிச்சிட்டு வலிப்பு வந்து விழறதை நேர்ல பார்த்த ஆபீசருக்கு இந்த மெஷின் எதுக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் கோபம் நல்லதுதான், ஆனா அந்தக் கோபத்தோட ஸ்வாபை, அதாவது துகளைத் தேய்ச்சு எடுக்கற துணியை, கையில எடுக்கக் கூடாது, அதைத்தான் மூணு நாள்ல நாம பழக்கணும்.

பேட்ச் சின்னதா இருக்கணும். ஒரு மெஷினுக்கு நாலு பேர், மிஞ்சிப்போனா அஞ்சு. இருபது பேரை ஒரு ஹால்ல உக்கார வெச்சு ப்ரொஜெக்டர் போட்டு ஸ்லைடு காட்டினா அது பயிற்சி இல்ல, டீக்கு முன்னாடி ஒரு தூக்கம். பாதிப் பேராவது பெண் ஆபீசரா இருக்கணும்னு நான் மொதல்லயே எழுதிக் கேட்டுடுவேன், ஏன்னா வர்ற விசிட்டர்ல பொம்பளைங்கதான் அதிகம், பொம்பளைங்களைப் பொம்பளைங்கதான் சோதிக்கணும், பயிற்சி எடுத்தவங்க எல்லாம் ஆம்பளைங்களா இருந்தா ஞாயித்துக்கிழமை வாசல்ல பயிற்சி இல்லாத ஒரு பொண்ணு கையில ஸ்வாபைத் திணிச்சு விட்டுடுவாங்க. டியூட்டி ரோஸ்டர் போடறவரையும் ஒரு நாள் உக்கார வெச்சிடுங்க, அவருக்கு மெஷின் சூடாக அரை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சிருந்தா காலை ஷிப்டை அதுக்கேத்த மாதிரி போடுவாரு.

இப்ப மெஷின் உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லணும், இதை விட்டுட்டு பட்டன் மட்டும் காட்டிட்டுப் போயிடாதீங்க. வாசல்ல வெக்கற துகள் கண்டுபிடிக்கிற மெஷின் பெரும்பாலும் அயன் மொபிலிட்டி முறைல வேலை செய்யுது. ஸ்வாபை உள்ள விட்டதும் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டுல அதுல ஒட்டியிருக்கறது ஆவியாகும், அந்த ஆவிக்கு மின்சாரம் ஏத்தி ஒரு குழாய்க்குள்ள ஓட விடும், குழாய்ல காத்து எதிர்ல இருக்கும், சின்ன துகள் சீக்கிரம் வந்து சேரும், பெருசு லேட்டா வரும், எல்லாம் மில்லிசெகண்ட் கணக்கு. நம்ம ஆளுங்களுக்கு நான் இதைக் காவடியை வெச்சு சொல்லுவேன். தைப்பூசத்துக்கு ஆத்தங்கரைல ஒரே நேரத்துல கிளம்பறாங்க, ஒரே ரோடு, ஒரே தூரம், பால்குடம் எடுத்தவங்க மொதல்ல கோயில் வாசல் வந்திடுவாங்க, பெரிய காவடி தூக்கறவங்க காத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு பின்னாடி வருவாங்க. கோயில் வாசல்ல கண்ணை மூடிட்டு வாட்சை மட்டும் பார்த்துட்டிருக்கறவரு, வந்து சேர்ந்த நேரத்தை வெச்சு இது இன்னார்னு சொல்றாரு. மெஷினும் அதையேதான் பண்ணுது, வந்த நேரத்தை தன்கிட்ட இருக்கற லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்து பேர் சொல்லுது. அப்படின்னா வேற ஒருத்தர் அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தா? அவரையும் அதே பேர் சொல்லித்தான் கூப்பிடும். லிஸ்ட்லயே இல்லாதவர் வந்தா? ஒண்ணுமே சொல்லாது. தப்பு அலாரமும் தப்பவிட்டதும் இந்த ஒரு உதாரணத்துலயே வந்திடும், இதைச் சொன்னப்புறம் கிளாஸ்ல யாராவது தானா கேள்வி கேப்பாங்க, கேக்கலைன்னா இன்னொரு தடவை சொல்லுங்க.

அடுத்தது எவ்வளவு துகள்னு புரிய வெக்கணும். இது நானோகிராம் அளவுல வேலை செய்யற மெஷின், ஒரு கிராம்ல நூறு கோடில ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கைகுலுக்கினா ஒட்டும், பஸ் கம்பில இருந்து ஒட்டும், ரூபா நோட்டுல இருந்து ஒட்டும். அமெரிக்கா ஐரோப்பா நோட்டுகள்ல கொக்கெய்ன் துகள் இருக்கறதை எத்தனையோ ஆய்வுல காட்டியாச்சு. அதனால அலாரம் அடிச்சா அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான்: இந்தத் துணில இந்தப் பொருள் மாதிரி ஏதோ இருக்கு. இந்த ஆளுகிட்ட சரக்கு இருக்குன்னு மெஷின் சொல்லவே இல்ல. இந்த வாக்கியத்தை நான் போர்டுல எழுதி மூணு நாளும் அழிக்க விட மாட்டேன்.

அதோட ஒரு கணக்கும் போட வைங்க, கால்குலேட்டர் கையில கொடுத்து அவங்களையே போடச் சொல்லுங்க. ஒரு பேச்சுக்கு ஞாயித்துக்கிழமை 200 விசிட்டர் வர்றாங்கன்னு வெச்சுக்குவோம், அதுல நெசமா சரக்கு கொண்டு வர்றவங்க 2 பேர், மெஷின் ரெண்டு பேரையும் பிடிச்சிடுது. மீதி 198 பேர்ல நூத்துக்கு மூணு பேருக்குத் தப்பா அடிக்குதுன்னா 6 பேர். ஆக மொத்தம் 8 அலாரம், அதுல 6 பேர் ஒண்ணுமே பண்ணாதவங்க. நல்ல மெஷின்தான், சரியா வேலை செய்யற மெஷின்தான், ஆனாலும் சிவப்பு விளக்கு எரிஞ்ச நாலு பேர்ல மூணு பேர் நிரபராதி. இந்தக் கணக்கு முடிஞ்சதும் ரூம்ல ஒரு அமைதி வரும் பாருங்க, பத்து பதினஞ்சு வருஷம் சர்வீஸ் போட்ட ஆளுங்க கூட பேசாம உக்காந்திருப்பாங்க. அதுக்கப்புறம்தான் நான் பெட்டியத் திறப்பேன்.

கை வேலைன்னு வந்தா மொத்த பயிற்சில பாதி நேரம் இதுக்கே போகணும். க்ளவுஸ் ஒவ்வொரு ஆளுக்கும் புதுசு. ஒவ்வொரு ஆளுக்கும்னு சொன்னா ஒவ்வொரு ஆளுக்கும்தான், க்யூ நீளமா இருக்குன்னு ரெண்டு பேருக்கு ஒரு ஜோடின்னு ஆரம்பிச்சா அன்னிக்கு முழுக்க வர்ற ரிசல்ட் எல்லாம் குப்பை. புது க்ளவுஸ் போட்டதும் தன் முகத்தை, போனை, சாவிக்கொத்தை, முந்தின விசிட்டரோட பையைத் தொடக் கூடாது, தொட்டா மாத்தணும். ஸ்வாபோட ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தணும், கொஞ்சம் அழுத்தி ஒரே திசைல நாலஞ்சு தடவை தேய்க்கணும், தடவிக் கொடுக்கற மாதிரி மெதுவா தேய்ச்சா ஒண்ணும் ஒட்டாது. எங்க தேய்க்கறது? உள்ளங்கை, விரல் இடுக்கு, பாக்கெட் ஓரம், பெல்ட் பக்கிள், ஜிப், பையோட கைப்பிடி, லாக்கர்ல வெக்கறதுக்கு முன்னாடி போன். ஸ்வாபை ஒரே ஆளுக்கு எத்தனை இடத்துல தேய்ச்சோம்னு எழுதி வெக்கணும்.

கண்ணுக்குத் தெரியற தூள் இருந்தா அதை ஸ்வாபால தொடவே கூடாது. இதை நூறு தடவை சொல்லுங்க. நானோகிராமுக்காக செஞ்ச மெஷினுக்கு ஒரு சிட்டிகை தூள்னா வெள்ளம் மாதிரி, உள்ள போய் ஒட்டிக்கிட்டு அடுத்த முப்பது நாப்பது ஸ்வாபுக்கும் அலாரம் அடிச்சிட்டே இருக்கும், சுத்தமாக சில நேரம் பாதி நாள் போயிடும், அதுக்குள்ள வாசல்ல நிக்கற எல்லாரும் உங்க கண்ணுக்கு குற்றவாளி. தூள் கண்ணுல பட்டா கையை எடு, ஃபேனை அணை, ரெண்டாவது க்ளவுஸ் போடு, மாஸ்க் போடு, சீனியரைக் கூப்பிடு, எவிடென்ஸ் பைல போட்டு சீல் வெச்சு கையெழுத்து போட்டு ஆட்ஸு, அதாவது போதைப்பொருள் தடுப்பு போலீஸுக்குக் கொடு. ஃபென்டனில், நிட்டஸீன் மாதிரி பொருள் எல்லாம் கொஞ்சமே உள்ள போனாலும் மூச்சை அடக்கிடும், அதனால அதை முறிக்கற மருந்தான நாலோக்ஸோன் எங்க இருக்கு, எப்படிக் கொடுக்கறதுன்னு அதே கிளாஸ்ல நர்ஸை வரவெச்சு காட்டிடுங்க.

நம்ம ஊர் காத்தைப் பத்தி மேனுவல்ல ஒண்ணும் இருக்காது, அதை நீங்கதான் சேர்க்கணும். நவம்பர்ல இருந்து மே வரைக்கும் புயல் சீசன், ஈரம், அப்பப்ப கரண்ட் கட். மெஷினுக்குள்ள ஈரத்தை உறிஞ்ச ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும், குளிர் நாட்டுல எழுதின அட்டவணைப்படி அதை மாத்தினா இங்க பத்தாது, சீக்கிரமே மாத்தணும், ஸ்டோர்ல ரெண்டு எக்ஸ்ட்ரா இருக்கணும். யூபிஎஸ் கண்டிப்பா வேணும், ஏன்னா ஒரு தடவை கரண்ட் போய் வந்தா திரும்ப சூடாகற வரைக்கும் க்யூ நிக்கும். அப்புறம் காலைல வாசலைக் கழுவறவங்க ஓ த ழாவெல்னு சொல்ற ப்ளீச் ஊத்திக் கழுவிட்டு அந்த வாடை போறதுக்குள்ள மெஷினை ஆன் பண்ணாதீங்க, சானிடைசர், சென்ட், பூச்சி மருந்து ஸ்ப்ரே எதுவும் அந்த மேஜை பக்கம் வேண்டாம். இதெல்லாம் உள்ள போனா ஒண்ணு தப்பா அடிக்கும், இல்ல நெசமான பொருள் இருந்தும் அடிக்காம விட்டுடும், ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா அதை யாரும் கவனிக்கவே மாட்டாங்க. சில பழைய மாடல்ல நிக்கல்-63ன்னு ஒரு கதிரியக்க மூலம் உள்ள சீல் பண்ணி இருக்கும், வெளிய ஆபத்தில்ல, ஆனா ஸ்க்ரூ டிரைவர் எடுத்து யாரும் உள்ள கை வெக்கக் கூடாது.

தினமும் காலைல வரிசை இதுதான்: ஆன் பண்ணு, சூடாக விடு, ஒரு சுத்தமான ஸ்வாபை விட்டுப் பாரு, பச்சை வரணும். அப்புறம் கம்பெனி கொடுத்த சரிபார்ப்பு மாதிரியை விடு, அலாரம் வரணும். மறுபடி சுத்தமான ஸ்வாப், பச்சை. மூணையும் நோட்டுல எழுதி கையெழுத்து. மூணுல ஒண்ணு தப்பினாலும் அன்னிக்கு மெஷின் கிடையாது, பழையபடி கையால சோதனை. சும்மா ஓட்டிக்கலாம்னு மேலிடத்துல யாராவது சொன்னாங்கன்னா அதையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க, அப்படி எழுத ஆரம்பிச்சா சொல்றது தானா நின்னுடும்.

இப்ப நான் சொல்லப் போறது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்ற விஷயம். ஒரு இடத்துல மெஷின் வெச்ச புதுசுல நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன், தெற்கே இருந்து ரெண்டு பஸ் மாறி ஒரு வயசான அம்மா வந்தாங்க, நெத்தில விபூதி, கையில மகனுக்குத் துவைச்சு மடிச்ச சட்டை. ஸ்வாப் பண்ணாங்க, ஹெராயின்னு அடிச்சுது. அந்த ஆபீசர் சின்னப் பையன், பயந்துட்டான், எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லிட்டான், சீனியர் வந்து இன்னிக்கு விசிட் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அந்த அம்மா ஒண்ணும் சொல்லல, சட்டையை மட்டும் கொடுத்திடறீங்களா ஐயான்னு கேட்டாங்க. அதையும் வாங்கல. அரை மணி கழிச்சு சுத்தமான ஸ்வாபை விட்டோம், அதுக்கும் ஹெராயின்னு அடிச்சுது. அதுக்கு முன்னாடி போன விசிட்டரோட பையைத் தொட்ட அதே க்ளவுஸ், மாத்தவே இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன், நானும் கவனிக்கல. அடுத்த வாரம் அந்த அம்மா வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. அன்னைல இருந்து அலாரம் வந்தா என்ன பண்ணணும்ங்கறதை நான் கைய ஆட்டிப் பேசிட்டுப் போறதில்ல, நடிச்சுக் காட்ட வெச்சு, பத்து தடவை பண்ண வெச்சுதான் விடறேன்.

அலாரம் வந்ததும் முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது, பொருளோட பேரைச் சொல்லக் கூடாது. "மதாம், மஷின்-லா ஃபின் சொனே, நு பு ஃபேர் தெஸ்-லா ஆங்கோர் என் ஃவா"ன்னு மெதுவா சொல்லி, இன்னொரு தடவை பாக்கணும்னு ஓரமா ஒரு நாற்காலில உக்கார வெக்கணும். தமிழ் பேசற பெரியவங்களா இருந்தா "அம்மா, மெஷின் அடிச்சிருக்கு, சில நேரம் சும்மாவே அடிக்கும், இன்னொரு தடவை பாத்துடலாம், உக்காருங்க"ன்னு சொன்னா போதும், பாதி பயம் போயிடும். அப்புறம் மெஷினுக்கு சுத்தமான ஸ்வாப், பச்சை வர்ற வரைக்கும். புது க்ளவுஸ், முடிஞ்சா வேற ஆபீசர். வேற இடத்துல ரெண்டாவது ஸ்வாப். ரெண்டாவது பச்சையா வந்தா உள்ள விடுங்க, நோட்டுல எழுதுங்க, முடிஞ்சுது. ரெண்டாவதும் அடிச்சா அப்ப கேள்வி கேக்கணும், தனி ரூம்ல: என்ன மருந்து சாப்பிடறீங்க, என்ன வேலை பாக்கறீங்க. ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கலாம், படுத்த படுக்கையா இருக்கற அப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்துட்டு வந்திருக்கலாம், ஹெராயின் பழக்கத்தை விடறதுக்குக் கொடுக்கற மெத்தடோன் மருந்தைக் காலைல வாங்கிக் குடிச்சிட்டு வந்திருக்கலாம். 2006ல இருந்து இங்க மெத்தடோன் சிகிச்சை நடக்குது, அதுல இருக்கறவங்க திருந்தணும்னு தினமும் வரிசைல நிக்கறவங்க, அவங்களைப் போய் வாசல்ல அவமானப்படுத்தறது எவ்வளவு தப்புன்னு ஆபீசர்களுக்கு நேரடியாவே சொல்லுங்க. இதெல்லாம் கேட்டப்புறமும் சந்தேகம் இருந்தா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசற விசிட் கொடுக்கலாம், தொட முடியாது ஆனா பாக்கலாம். திருப்பி அனுப்பறது கடைசி வழி, அதையும் ஸ்வாப் பண்ண ஆபீசர் முடிவு பண்ணக் கூடாது, டியூட்டில இருக்கற சீனியர் எழுத்துல காரணம் போட்டு முடிவு பண்ணணும்.

2015ல ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்ட நெல்சன் மண்டேலா விதிகள்ல இதெல்லாம் இருக்கு, ஸ்லைடா போடாம ப்ரிண்ட் எடுத்துக் கையில கொடுங்க. 50ல இருந்து 52 வரைக்கும் கைதிகளை சோதிக்கறது, 60 விசிட்டர்களைப் பத்தி. சோதனையை மிரட்டறதுக்குப் பயன்படுத்தக் கூடாது, யார் பண்ணாங்க, ஏன் பண்ணாங்க, என்ன கிடைச்சுதுன்னு பதிவு இருக்கணும், உடம்புக்குள்ள சோதிக்கறது தவிர்க்கவே முடியாதப்பதான், அதுக்குப் பதிலா வேற வழி தேடணும், குழந்தைங்ககிட்ட அது கூடவே கூடாது. மெஷின் வந்ததே இதுக்குத்தான், துணிய அவுக்கச் சொல்லாம வேலை நடக்கணும்னு.

விபூதி விஷயத்தைத் தனியா சொல்லணும், ஏன்னா தைப்பூசம் வந்தா கோயில்ல இருந்து விபூதி, குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம்னு பொட்டலம் பொட்டலமா வரும். நம்ம ஆளு இல்லாத ஆபீசருக்கு அது வெள்ளைத் தூள், அவ்வளவுதான். விரலை விட்டுக் கிளறக் கூடாது, மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பாக்கக் கூடாது. ஸ்வாபையும் அதுல வெக்காதீங்க, சாம்பல் உள்ள போய் அடைக்கும். கொண்டு வந்தவங்களையே திறக்கச் சொல்லுங்க, பொட்டலத்தோட வெளிப்பக்கத்தையும் மடிப்பையும் மட்டும் ஸ்வாப் பண்ணுங்க, தூளைப் பத்தி சந்தேகம்னா, லேசர் ஒளியை வெச்சு பொருள் என்னன்னு சொல்ற ராமன் மெஷின் இருந்தா கண்ணாடி பை வழியாவே லேசர் அடிச்சுப் பாக்கலாம், திறக்கக் கூட வேண்டாம். அனுமதி இல்லன்னா இல்லன்னு மரியாதையா சொல்லித் திருப்பிக் கொடுங்க, குப்பைல போடாதீங்க. குரானுக்கும் பைபிளுக்கும் இதே மரியாதைதான்.

ராமன் மெஷினைப் பத்தி ரெண்டு வார்த்தை. வெள்ளைத் தூளுக்கு அருமையா பேர் சொல்லும், ஆனா நம்ம ஊர் ப்ரௌன் மாதிரி கலரான பொருள்ல லேசர் பட்டா அதுவே ஒளிர ஆரம்பிச்சிடும், சிக்னல் மூழ்கிடும். இலை மேல தெளிச்ச சிந்தெடிக்குக்கும் இதே தொல்லை. கறுப்புத் தூள் மேல லேசர் அடிச்சா தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால வேண்டாம். நிறம் மாறற டெஸ்ட் கிட் இருக்கே, மார்க்கி, ஸ்காட் அதெல்லாம், சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும்தான் உதவும். மார்க்கி பாட்டில்ல இருக்கறது கெட்டியான கந்தக அமிலம், கண்ணுல தெறிச்சா போச்சு, கண்ணாடி போடாம திறக்க விடாதீங்க. கஞ்சாவுக்கான கிட் சிந்தெடிக்கைக் காட்டாது. கடைசி வார்த்தை ரெடுயில இருக்கற தடயவியல் லேப்தான் சொல்லணும், கோர்ட்டுல நிக்கறது அதுதான்.

காகிதத்துக்கு வருவோம். சிந்தெடிக்கைக் கரைச்சு காகிதத்துல ஊற வெச்சு லெட்டரா அனுப்பறது உலகம் முழுக்க ஜெயில்களுக்குத் தலைவலி. ஸ்காட்லாந்துல 2021 டிசம்பர்ல இருந்து வர்ற லெட்டரை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கைதிக்கு ஜெராக்ஸை மட்டும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. காகிதத்துல மருந்து ஒரே சீரா இருக்காது, ஒரு மூலைல கெட்டியா, நடுவுல ஒண்ணுமில்லாம இருக்கும், அதனால ஒரு இடத்துல தேய்ச்சிட்டு விடக் கூடாது, ரெண்டு பக்கமும், நாலு மூலையும், ஸ்டாம்ப், கவரோட மடிப்பு எல்லாம் தேய்க்கணும். ஆபீசர்களைக் கண்ணாலயும் கையாலயும் பழக்குங்க: தண்ணில நனைச்சுக் காயவெச்ச காகிதம் நெளிஞ்சு மொறமொறன்னு இருக்கும், அப்படி பத்து காகிதம் நீங்களே தண்ணில நனைச்சு ரெடி பண்ணி, நல்ல காகிதத்தோட கலந்து கொடுத்து, தொட்டுப் பிரிக்கச் சொல்லுங்க. வக்கீல் லெட்டரைக் கைதி முன்னாடிதான் திறக்கணும், படிக்கக் கூடாது, கவரை மட்டும் பாக்கணும். குழந்தை வரைஞ்சு அனுப்பின படம் அடிச்சா, ஜெராக்ஸ் கலர்ல எடுத்துக் கொடுங்க. கறுப்பு வெள்ளைல அப்பாவுக்கு வந்த சூரியன் சாம்பல் நிறத்துல இருந்ததை நான் பார்த்திருக்கேன், கலர் மெஷினுக்குக் காசு கேட்டு எழுதறதும் இந்தப் பயிற்சில ஒரு பகுதின்னே வெச்சுக்குங்க.

மெஷினுக்குள்ள இருக்கற பொருள் லிஸ்ட்டைத்தான் லைப்ரரின்னு சொல்லுவோம், அதோட அப்டேட்டை யாரும் கண்டுக்கறதில்ல. ஐநா போதைப்பொருள் அலுவலகத்துக்குத் தெரிய வந்த புது வகைப் பொருட்களே 1,000ஐ எப்பவோ தாண்டிடுச்சு, ஒண்ணைத் தடை பண்ணா அதுல ஒரு அணுவை மாத்தி இன்னொண்ணு வருது. மெஷின் லிஸ்ட்ல இல்லாத பேர் வந்தா பச்சைதான், கோயில் வாசல் வாட்சுக்காரர் கதை ஞாபகம் இருக்கில்ல. அதனால ஒருத்தரைப் பொறுப்பாக்கி, லேப்ல இப்ப என்ன பிடிபடுதுன்னு கேட்டு, அது மெஷின் லிஸ்ட்ல இருக்கான்னு கம்பெனிகிட்ட கேட்டு, இல்லன்னா சேர்க்க வெக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது.

பாடி ஸ்கேனர் இருக்கற இடம்னா அதுக்குத் தனியா ரெண்டு நாள் வேணும். எக்ஸ்ரே உடம்புக்குள்ள ஊடுருவிப் போறது, அதனால கதிர்வீச்சுக் கணக்கு வேணும், அதை மில்லிசீவர்ட்னு ஒரு அளவுல சொல்லுவாங்க. அமெரிக்கத் தர விதில ஒரு ஆளுக்கு ஒரு இடத்துல வருஷத்துக்கு 0.25 மில்லிசீவர்ட், அதாவது 250 மைக்ரோசீவர்ட்னு வெச்சிருக்காங்க, சும்மா பூமில இருந்தும் வானத்துல இருந்தும் நமக்கு வருஷத்துக்குக் கிடைக்கறதே உலக சராசரில 2.4 மில்லிசீவர்ட். உங்க மெஷின் ஒரு தடவைக்கு 2 மைக்ரோசீவர்ட் கொடுக்குதுன்னா 125 தடவை, 5 கொடுக்குதுன்னா 50 தடவைதான். வேலைக்கு வெளிய போய் வர்ற கைதியை தினமும் ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணா எத்தனை நாள்ல தீரும்னு அவங்களையே கணக்குப் போடச் சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும் எண்ணிக்கை பதிவு இருக்கணும். கர்ப்பமா இருக்கறவங்க, குழந்தைங்க கிடையாது. படம் பாக்கறதுதான் நெசமான கலை. சாப்பாடு, வாயு, மலம் எல்லாமே நிழலா தெரியும், நூத்துக்கணக்கான படம் பார்த்தாதான் கண்ணு பழகும், அதே ஆளோட பழைய படத்தைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கத்துக் கொடுங்க. உள்ள பொட்டலம் இருக்கற மாதிரி தெரிஞ்சா மொதல்ல டாக்டர், அப்புறம்தான் ரிப்போர்ட், பொட்டலம் வயித்துக்குள்ள கிழிஞ்சா அந்த ஆளு செத்துப் போயிடுவான்.

நாய் பத்தி டாக் ஹேண்ட்லர் வந்து சொல்லுவாரு, கஞ்சாவுக்கு அதோட மூக்குக்கு ஈடு இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் நான் சொல்லுவேன். 2011ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல 18 ஹேண்ட்லர்களையும் அவங்க நாய்களையும் வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, எந்த இடத்துலயும் எந்தப் பொருளும் கிடையாது, ஆனா சில இடத்துல இருக்குன்னு ஹேண்ட்லர்கள்கிட்ட சொல்லி வெச்சாங்க. 200க்கு மேல தப்பு அலர்ட் வந்துச்சு. ஆளு என்ன நினைக்கறானோ அது நாய் வரைக்கும் போகுது. இவன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுன்னு நினைச்சுட்டு ஸ்வாப் பண்றவனும் அப்படித்தான், பச்சை வந்தா இன்னொரு தடவை தேய்ப்பான், சிவப்பு வர்ற வரைக்கும் தேய்ப்பான். யாரை சோதிக்கறதுன்னு மூஞ்சிய வெச்சு முடிவு பண்ணாம, எல்லாரையும், இல்லன்னா அஞ்சுல ஒருத்தர்னு எண்ணி வையுங்க. அதே மாதிரி ஸ்டாஃபும், சூப்பரின்டென்டன்ட்டும், பயிற்சி கொடுக்க வர்ற நானும் நீங்களும் அதே வாசல்ல அதே ஸ்வாபுக்குக் கை நீட்டணும், விசிட்டர் கண்ணு முன்னாடி நீட்டணும்.

பரீட்சை எழுத்துல வேண்டாம். இருபது ஸ்வாப் ரெடி பண்ணுங்க, அதுல மூணோ நாலோல மட்டும் கம்பெனி கொடுத்த பயிற்சி மாதிரி, எதுன்னு உங்களுக்கு மட்டும் தெரியணும், நெசமான சரக்கைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீங்க, சட்டப்படியும் சிக்கல், மெஷினும் கெடும். ஒவ்வொருத்தரும் இருபதையும் ஓட்டணும், க்ளவுஸ் மாத்தறதை இன்னொருத்தர் எண்ணணும். ஒரு தடவை மாத்த மறந்தாலும் மறுபடி மொதல்ல இருந்து. ஆறு மாசம் கழிச்சு இதையே திரும்ப.

கடைசி நாள் மத்தியானம் ஆபீசர்களை விசிட்டரா மாத்திடுங்க. யூனிஃபார்மைக் கழட்டிட்டு வீட்டு டிரஸ்ல, வாசலுக்கு வெளிய வெயில்ல, கையில ஒரு பையோட, வரிசைல நாப்பது நிமிஷம் நிக்கட்டும், போன் லாக்கர்ல. உள்ள ஒருத்தர் ஆபீசரா இருந்து ஸ்வாப் பண்ணட்டும், யாருக்கு அலாரம் வரணும்னு நீங்க சீட்டு எழுதி வெச்சிருங்க, வந்தவங்க ஓரமா அந்த நாற்காலில உக்காந்து ரெண்டாவது தடவைக்குக் காத்திருக்கட்டும், மத்தவங்க அவங்களைத் தாண்டி உள்ள போகட்டும். முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வெச்சு அந்த நாற்காலில இருந்தப்ப என்ன தோணுச்சுன்னு மட்டும் கேளுங்க, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. போன பேட்ச்ல ஒரு பொண்ணு, ஆறு வருஷம் சர்வீஸ், நாற்காலிய வாசலுக்கு நேரா போடாம தூணுக்கு அந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் சார்னு சொன்னா. அன்னிக்கே நாற்காலிய மாத்திப் போட்டோம்.